நிறுத்தக் கற்பதற்குள் நிறுத்திவிடாதீர்கள்

பள்ளிக் கல்விக்கும் மாணவர் விளையாட்டுக்கும் திட்டம் வகுக்கும் அலுவலர்களுக்கும், எங்களைப் பள்ளிக்குள் அழைக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித்தரும் ஆசான்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. கல்வியாண்டு முடியும் நேரத்தில் எங்கள் கைக்கு ஒரு படிவம் வருகிறது. "தற்காப்புக் கலைப் பயிற்சி நிறைவுற்றது" என்ற வரிக்குக் கீழே ஆசான் கையெழுத்து, தலைமை ஆசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரை, இரண்டு புகைப்படம். அந்த வரி உண்மையில்லை. மூன்று மாதத்தில் எந்தப் பிள்ளைக்கும் பயிற்சி நிறைவுறுவதில்லை. பாதிப் பேருக்குத் தொடங்குவதே இல்லை. வரும் ஆண்டும் அதே மூன்று மாதம்தான், அதே படிவம்தான் என்று சொல்லிவிட்டார்கள். இனியும் பேசாமல் கையெழுத்துப் போட எங்களுக்கு மனம் வரவில்லை.

திட்டத்தின் நோக்கத்தில் எங்களுக்குக் குறை இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், ராணி லட்சுமிபாய் பெயரில், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்குத் தற்காப்புக் கலை கற்றுத்தர வழி செய்திருக்கிறார்கள். மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று மாதம். ஒரு பள்ளிக்கு 15,000 ரூபாய். முன்பு இது மாதம் 3,000 ரூபாயாக இருந்தது. தொகையை உயர்த்தியவர்கள் மாதக் கணக்கைத் தொடவில்லை. எங்கள் முறையீடு அந்த மூன்று என்ற எண்ணைப் பற்றியது.

களத்தில் அந்த மூன்று மாதம் என்னவாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். ஐந்தடிக் கம்பை ஒரு பிள்ளை கை நீட்டி வீசினால், கைக்கு இரண்டடி, கம்பின் வெளிநீளம் நான்கடி, ஆக ஆறடிக்கு அந்த நுனி போகும். பக்கத்துப் பிள்ளைக்கும் அதே ஆறடி. இருவருக்கு நடுவே பன்னிரண்டடி இல்லாவிட்டால் யாராவது ஒருவர் காதிலோ புருவத்திலோ அடி வாங்குவது உறுதி. 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கபடிக் களத்தில் இந்த இடைவெளியோடு பத்துப் பன்னிரண்டு பேரைத்தான் நிறுத்த முடியும். வகுப்பில் இருப்பதோ நாற்பது பேர். ஆகவே நான்கு அணி. பாடவேளை நாற்பது நிமிடம். வகுப்பறையிலிருந்து இறங்கி வந்து, வருகை எடுத்து, துப்பட்டாவை முடிந்து, வளையலைக் கழற்றி வரிசையில் நிற்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மீதி முப்பது நிமிடத்தை நான்கால் வகுத்தால், ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பில் கம்பு கிடைக்கும் நேரம் ஏழு நிமிடம் சொச்சம். வாரம் இரண்டு வகுப்பு என்றால் பன்னிரண்டு வாரத்துக்கு இருபத்து நான்கு. நிதி வந்து பயிற்சி தொடங்குவது பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான். அதில் பொங்கல் விடுமுறை, ஆண்டு விழா, செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு எல்லாம் கழிந்தால் பதினெட்டு வகுப்பு தேறினால் அதிகம். பதினெட்டை ஏழால் பெருக்கினால் 126 நிமிடம்.

இரண்டு மணி ஆறு நிமிடம். ஒரு பிள்ளையின் "நிறைவுற்ற" பயிற்சி அவ்வளவுதான்.

இந்த நெருக்கடியில் ஆசான் என்ன செய்கிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். காலடியை விட்டுவிட்டு முதல் நாளே கம்பைக் கொடுத்துவிடுகிறார். காலடிக்குப் புகைப்படம் நன்றாக வராது. இருபது பெண்கள் ஒரே நேரத்தில் கம்பு சுற்றினால் படம் நன்றாக வரும். அலங்காரச் சுற்றை மூன்று வாரத்தில் ஓரளவு சொல்லித்தந்துவிடலாம். பார்ப்பவர்களுக்கு அது சிலம்பம்போலவே தெரியும்; கற்றவர் கண்ணுக்குத் தெரியாது. கழுத்துக்கு மேல் எல்லாம் அழகாக இருக்க, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது.

சரியாகச் சொல்லித்தந்தால் முதல் மாதம் கம்பே கிடையாது. நிற்கக் கற்க வேண்டும். ஊருக்கு ஊர் பெயர் மாறும். சிலர் காலடி என்பார்கள், சிலர் சுவடு என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு, தலை மேலும் கீழும் ஆடாமல் மாற்றுவது. தரையில் சுண்ணாம்புப் பொடியால் முக்கோணம் போட்டு, மூலைக்கு மூலை காலை மாற்றச் சொல்வோம். இங்கே வரும் பிழைகள் எல்லாப் பள்ளியிலும் ஒன்றேதான். முன் முழங்கால் உள்பக்கம் மடங்கும், பின்குதிகால் தூக்கும், பிள்ளை தன் காலையே பார்க்கும், மூச்சை அடக்கிக்கொள்ளும். முழங்கால் உள்ளே மடங்குவதைச் சுண்டு விரல் பக்கம் எடையை வைக்கச் சொல்லித் திருத்தலாம். காலைப் பார்க்கும் பழக்கத்தைத் திருத்த, எதிரில் நிற்கும் தோழி விரல்களைக் காட்ட, எத்தனை என்று சொல்லிக்கொண்டே அடி வைக்கச் சொல்வோம். மூச்சுக்கு வழி, எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வைப்பது. சத்தம் வந்தால் மூச்சு தானே வெளியே வரும். இந்தச் சத்தத்தைப் பற்றிக் கீழே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் மாதம் கம்பு கைக்கு வரும்போது, பிடிதான் பாடம். சுற்றும்போது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அச்சு, மற்ற விரல்கள் வழிவிட வேண்டும். அடி விழும் கணத்தில் சுண்டு விரலும் மோதிர விரலும் இறுக வேண்டும். பயத்தில் பிள்ளைகள் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிப்பார்கள். விளைவு, இரண்டாவது வகுப்பிலேயே பெருவிரல் இடுக்கில் கொப்புளம். மூன்றாவது வகுப்புக்குப் பாதிப் பேர் "கை வலிக்குது சார்" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதிவிடாதீர்கள். பிடி தவறு என்று உடம்பு சொல்கிறது, அவ்வளவுதான். அப்புறம் இடக்கை. வலக்கைக்கு ஒரு வாரத்தில் வருவது இடக்கைக்கு ஒரு மாதம் ஆகும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், பிறகு வரவே வராது.

கம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிகள் வாங்கிவைக்கும் கம்பில் பாதி பயன்படுவதில்லை. வெறுங்காலில் நிற்கும் பிள்ளையின் புருவ உயரம்தான் கம்பின் நீளம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்கடி போதும். ஆனால் மொத்தமாக ஐந்தடிக் கம்பு நாற்பது வாங்கிக் கட்டு கட்டாக அறையில் சாத்திவைத்திருப்பார்கள். நீளக் கம்பு தரையில் இடிக்கும். இடிக்காமல் இருக்கப் பிள்ளை தோளைத் தூக்கும். தூக்கிய தோள் பழக்கமாகிப் பிறகு இறங்காது. வார்னிஷ் அடித்த கம்பு வியர்வையில் வழுக்கி அடுத்த பிள்ளையின் முகத்துக்குப் போகும். சுவரில் சாய்த்துவைத்த கம்பு வளையும். தரையில் படுக்கவைக்க வேண்டும். உள்ளே துளை இல்லாத கல்மூங்கிலாக, கணு நெருக்கமாகப் பார்த்து, நிழலில் உலர்த்தி, லேசான அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவியதாக வாங்கினால் பல ஆண்டு வரும். பச்சையாக வாங்கினால் கோடை முடிவதற்குள் வெடிக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதும் உண்டு. கம்பைச் செங்குத்தாகப் பிடித்து நான்கு விரல் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விட்டுப் பாருங்கள். நல்ல கம்பு "ணங்" என்று ஒற்றை ஒலி தரும். விரிந்த கம்பு "சட்சட்" என்று இரட்டை ஒலி தரும். அதை அன்றே விறகில் போட வேண்டும், அதன் சிலும்பு கண்ணில் பாயும். இரு நுனியிலும் சைக்கிள் டியூபை விரலகலத்துக்கு வெட்டி மாட்டிவிட்டால் நுனி பிளப்பது குறையும். நாற்பது பேருக்கு நாற்பது கம்பு தேவையே இல்லை. நான்கடி, நாலரையடி, ஐந்தடி என மூன்று அளவில் எட்டு எட்டாக இருபத்து நான்கு இருந்தால் ஒரு பள்ளிக்குப் போதும்.

இனி நாங்கள் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம்.

சிலம்பத்தில் வீசுவதைவிட நிறுத்துவது கடினம். ஐந்தடிக் கம்பு முழு வேகத்தில் வரும்போது அதை எதிரில் நிற்பவரின் தோளுக்கு இரண்டு விரல் முன்னால் நிறுத்த வேண்டும். கையால் நிறுத்த முடியாது. கையால் நிறுத்த முயன்றால் முழங்கை வலிக்கும், நுனி இன்னும் அரையடி போய்த் தோழியைத் தாக்கும். பின்காலின் குதி தரையில் ஊன்ற, இடுப்பு திரும்புவதை நிறுத்த, மூச்சு வெளியேற, சுண்டு விரல் இறுக, இவை நான்கும் ஒரே கணத்தில் நடந்தால்தான் கம்பு நிற்கும். முதல் மாதம் குதிகாலைத் தூக்காமல் நிற்கப் பழக்கியது இதற்காகத்தான். காலடியை விட்டுவிட்டுச் சுற்றை மட்டும் கற்ற பிள்ளையால் எத்தனை நாள் ஆனாலும் கம்பை நிறுத்த முடியாது.

இதைப் படிப்படியாகத்தான் கொண்டுவர முடியும். மரக்கிளையில் நூல் கட்டி ஒரு வேப்பிலையைத் தோள் உயரத்தில் தொங்கவிடுவோம். தலையடியும் தோளடியும் இலைக்கு ஒரு முழம் முன்னால் நிற்க வேண்டும். பிறகு ஒரு சாண். பிறகு நான்கு விரல். கம்பின் காற்றில் இலை ஆடலாம்; கம்பு இலையைத் தொடக் கூடாது. பத்து முறைக்கு ஒன்பது முறை தொடாமல் நின்றால், இலைக்குப் பதில் எதிரில் ஒருவர் தன் கம்பை நேராகப் பிடித்து நிற்பார். அதற்கும் பிறகு, தலைக்கவசம் போட்ட தோழி. அவளுடைய முட்டி, தோள், கடைசியாக நெற்றி. ஒழுங்காக வரும் பிள்ளைக்கு இந்தக் கட்டம் வரை வர எட்டு, ஒன்பது மாதம் ஆகிறது. சிலருக்கு ஓர் ஆண்டு.

அந்த நாளில் களத்தில் தெரிவதைப் பார்க்க ஒரு முறையாவது வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். கம்பு விர்ரென்று வந்து நெற்றிக்கு இரண்டு விரல் முன்னால் நிற்கிறது. முன்நெற்றி முடி மட்டும் காற்றில் விலகுகிறது. எதிரில் நிற்கும் பெண் கண் இமைக்கவில்லை. ஜூன் மாதத்தில் பந்து பறந்து வந்தாலே இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டவள் அவள். கம்பு வீசியவளின் கண்ணும் கம்பு நுனியில் இல்லை. எதிரில் நிற்பவளின் நெஞ்சைப் பார்க்கிறது, அங்கிருந்துதான் தோளின் அசைவும் காலின் அசைவும் ஒருசேரத் தெரியும் என்று அந்தக் கண்ணுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. ஆசான்களுக்கு ஊதியம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். மாதம் 5,000 ரூபாய் பேருந்துக்கும் தேநீருக்கும் சரியாகப் போகும். இந்த ஒரு காட்சிக்காகத்தான் விடியற்காலையில் எழுந்து வருகிறோம். அது வருவதற்கு ஐந்து ஆறு மாதம் முன்னாலேயே எங்களை வாசலில் நிறுத்திக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறீர்கள்.

எங்களுக்குக் கிடைக்காமல் போவதைவிட, பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவது பெரிது. தன் கை வேகத்தைத் தானே நிறுத்தத் தெரிந்த பிள்ளை வகுப்பிலும் மாறுகிறது. சண்டையில் கை ஓங்கிய பையன் கையை இறக்குவதைப் பார்க்கிறோம். யாரும் புத்தி சொல்லி அது வரவில்லை. ஒரு நாளைக்கு நூறு முறை நிறுத்திப் பழகிய உடம்பு அது. இதனால்தான் இந்தப் பயிற்சி மாணவிகளோடு நின்றுவிடுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. பெண்பிள்ளைக்குத் தடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஆண்பிள்ளைக்கு நிறுத்தக் கற்றுக்கொடுக்காமல் விடுவது பாதி வேலை.

இன்னொரு பலன் இரண்டாம் ஆண்டில்தான் வரும். பழைய திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்ததுபோல, ஓராண்டு முடித்த பிள்ளை புதிதாக வருபவர்களுக்குக் காலடி சொல்லித்தரத் தொடங்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு முக்கோணம் போட்டுக் கொடுத்து, "முட்டி உள்ளே போகுது பாரு" என்று திருத்தும்போது, அவளுக்குத்தான் முதல் முறையாக அந்தப் பாடம் முழுசாகப் புரியும். ஆசானுக்கு நான்கு அணியில் மூன்றைக் கவனிக்க ஆள் கிடைக்கும். ஏழு நிமிடம் இருபது நிமிடமாகும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் பலர் இங்கேதான் குரல் உயர்த்தப் பழகுகிறார்கள். ஆனால் ஒரு பள்ளியில் ஓர் ஆண்டு சிலம்பம், அடுத்த ஆண்டு கராத்தே, அதற்கடுத்த ஆண்டு டேக்வாண்டோ என்று மாற்றிக்கொண்டே போனால் சட்டாம்பிள்ளை எங்கிருந்து வருவார்? ஒவ்வோர் ஆண்டும் வணக்கம் செய்யும் முறையை மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். எந்தக் கலையானாலும் சரி, ஒன்றையே தொடருங்கள்.

தற்காப்பு என்ற சொல்லையும் நேராகப் பேசிவிடுவோம். பேருந்திலோ டியூஷன் போகும் சந்திலோ எந்தப் பெண்ணும் கம்பு வைத்திருக்கப் போவதில்லை. பிள்ளைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள், உறவினர்கள், அண்டை வீட்டார். இந்த இடத்தில் உதவுவது உயர உதைப்பது இல்லை. மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவரின் பெருவிரல் பக்கமாகத் திருகி இழுக்க வேண்டும். பிடியில் பலவீனமான இடம் அதுதான். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் எடையைக் கீழே இறக்கி, குதிகாலால் பாதத்தை மிதிக்க வேண்டும். முடியைப் பிடித்தால் பிடித்த கையை இரு கையாலும் தலையோடு அழுத்திக்கொண்டு திரும்ப வேண்டும். எல்லாவற்றிலும் முதல் வேலை கத்துவது. அடுத்தது ஓடுவது. அதற்கடுத்தது நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது, 1098-ஐ அழைப்பது. முதல் மாதம் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வைத்தோமே, அந்தச் சத்தம் இங்கே தேவைப்படுகிறது. பயந்த நேரத்தில் குரல் அடைத்துக்கொள்ளும். கத்திப் பழகாத தொண்டையிலிருந்து கத்தல் வராது.

இந்தப் பிடிவிடுப்புகளை ஒருவர் செய்து காட்ட, நாற்பது பேர் பார்த்துக் கைதட்டினால் பயனில்லை. உண்மையாகவே இறுக்கிப் பிடிக்கும் தோழியோடு, தன்னைவிடப் பெரியவளோடு, ஈரக் கையோடு, நூறு முறை செய்ய வேண்டும். தளர்வாகப் பிடித்து விட்டுக்கொடுக்கும் தோழியோடு பழகிய பெண்ணுக்குத் தன்னால் முடியும் என்ற பொய் நம்பிக்கை மட்டும்தான் மிஞ்சும். அது ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிட ஆபத்தானது. மூன்று மாதப் பயிற்சி தருவது பெரும்பாலும் அதைத்தான், சான்றிதழோடு.

தொட்டுச் சொல்லித்தரும் கலை என்பதால் எங்கள் பக்கத்துக் கட்டுப்பாட்டையும் எழுதிவைக்க வேண்டும். ஆசானைப் பற்றிக் காவல் துறைச் சரிபார்ப்பு முடியாமல் பள்ளிக்குள் விடக் கூடாது. பயிற்சி நேரம் முழுக்க ஓர் ஆசிரியை களத்தில் இருக்க வேண்டும். நோட்டுத் திருத்த அறைக்குப் போகக் கூடாது. மாணவிகளின் நிலையைத் திருத்தக் கையால் தொடுவதைவிடக் கம்பு நுனியால் முட்டியையும் குதியையும் சுட்டுவதே முறை. பிடிவிடுப்பு மாணவிகளுக்குள்தான் நடக்க வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆசான் யாராக இருந்தாலும் அவரை அழைக்க வேண்டாம்.

சாதனை நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. சிலம்பத்தின் மீது நாட்டின் பார்வை திரும்பியிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பையிலும் அது உண்டு. எங்களுக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அதோடு சேர்ந்து, ஆணிப் பலகை மேல் நின்று, பானை மேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று பிள்ளைகளைக் கம்பு சுற்ற வைக்கும் உலக சாதனைகளும் பெருகிவிட்டன. கணக்கைப் பாருங்கள்: நொடிக்கு இரண்டு சுற்று என்றால் ஒரு மணி நேரத்துக்கு 7,200 சுற்று, பெரும்பாலும் ஒரே கை, ஒரே திசை. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மணிக்கட்டு அது. மறுநாள் பெருவிரல் அடி வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் போகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கலையில் ஓர் அடிகூட முன்னேற்றம் இல்லை. பதினைந்தாவது நிமிடத்திலிருந்தே களைப்பில் பிடியும் நிலையும் கெட்டு, கெட்டதையே ஆயிரம் முறை பழகிக்கொண்டிருக்கும் பிள்ளை. ஆண்டு விழாவில் தீப்பந்தச் சிலம்பம் கேட்பவர்களுக்கும் ஒன்று: பள்ளி விளையாட்டுச் சீருடை பாலியஸ்டர். பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சான்றிதழ் விஷயத்திலும் தெளிவு வேண்டும். சிலம்பத்துக்குச் சங்கங்கள் பல. விதிமுறைகள் பல. எந்தப் போட்டியின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று தெரியாமல் பெற்றோர் நுழைவுக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இதைத் தீர்ப்பது எங்களால் ஆகாது; உங்களால் ஒரே ஒரு சுற்றறிக்கையில் ஆகும்.

உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பாடவேளை அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

பயிற்சியை ஜூன் மாதம் தொடங்கி மார்ச் வரை பத்து மாதம் நடத்துங்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு பாடவேளைகளை ஒன்றாகச் சேர்த்து எண்பது நிமிடம். ஓர் அணியில் இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒரு பள்ளியில் ஒரு கலையைத் தொடங்கினால் குறைந்தது மூன்று ஆண்டு அதே கலையும், புகார் இல்லாத வரை அதே ஆசானும் தொடரட்டும். ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

மாதம் 5,000 ரூபாய் என்ற அதே கணக்கில் பத்து மாதத்துக்கு ஒரு பள்ளிக்கு 50,000 ரூபாய் ஆகும். இருநூறு பிள்ளைகள் கற்கும் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 250 ரூபாய். தற்போதைய 15,000 ரூபாயைப் பத்து மாதத்துக்குப் பங்கு வைத்து மாதம் 1,500 ரூபாய் என்று தீர்த்துவிடாதீர்கள். அந்தத் தொகைக்கு வருகிறவர் தொடர்ந்து வர மாட்டார். ஊதியத்தை மாதாமாதம் கொடுங்கள். தேர்வு முடிந்து பள்ளி பூட்டிய பிறகு மொத்தமாக வரும் பணத்தை நம்பிப் பேருந்தில் ஏற முடியவில்லை. கம்புக்கும் தலைக்கவசத்துக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் தனியாக ஒரு தொகை வேண்டும். இன்று பல இடங்களில் அது ஆசானின் பையிலிருந்துதான் போகிறது. கம்பு வாங்கும்முன் அளவும் தரமும் பார்க்க ஓர் ஆசானையாவது கேளுங்கள்.

காலைப் பயிற்சி வைத்தால், வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ ஏற்பாடு செய்யுங்கள். காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கானது. எங்களிடம் வருபவர்கள் அதைத் தாண்டியவர்கள். ஏழு மணிக்கு மயங்கி விழும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வேறு நோய் இல்லை, பசிதான்.

அரை மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் சுற்ற வைக்கும் எந்த நிகழ்ச்சிக்கும், ஆணி, தீ, கண்கட்டு உள்ள எதற்கும் பள்ளி மாணவர்களை அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். அரசுப் பணிக்கும் உயர்கல்விக்கும் ஏற்கப்படும் சிலம்பப் போட்டிகள் எவை என்ற பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கடைசியாக, அந்தப் படிவத்தை மாற்றுங்கள். "நிறைவுற்றது" என்ற வரியை எடுத்துவிட்டு நான்கு கட்டம் போடுங்கள்: நடந்த வகுப்புகள் எத்தனை, இந்தப் பிள்ளை வந்தது எத்தனை, இரு கையிலும் காலடியோடு வீச வருகிறதா, கம்பை எதிரில் நிற்பவருக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்த வருகிறதா. நான்காவது கட்டத்தில் "ஆம்" என்று எழுத முடிகிற பிள்ளைகளுக்கு மட்டும் சான்றிதழ் கொடுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் வகுப்புக் கொடுங்கள். அப்படி ஒரு படிவம் வந்தால் நாங்கள் தயங்காமல் கையெழுத்திடுவோம்.

இப்படிக்கு,
பள்ளிகளில் சிலம்பம் சொல்லித்தரும் ஆசான்கள்